கூட்டத்தில் பேசாதவர்: யோசனைக் கூட்டங்களின் வரலாறு

நம் சங்கத்து அன்பர்களில் பெரும்பாலோர் அலுவலகம் போகிறவர்கள், அல்லது போய் ஓய்ந்தவர்கள். ‘இந்தப் பிரச்னைக்கு ஆளுக்கொரு யோசனை சொல்லுங்கள்’ என்று மேலதிகாரி கூட்டும் கூட்டம் நமக்குப் புதிதல்ல. நான் வேலை பார்த்த இடத்திலும் ஒருமுறை அது நடந்தது. ஒரு கோப்பு இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்குப் போக வாரக்கணக்கில் ஆகிறது, என்ன செய்யலாம் என்பது கேள்வி. அதிகாரி “தைரியமா சொல்லுங்க” என்றார். சொன்ன கையோடு தன் யோசனையை முதலில் வைத்தார். அப்புறம் என்ன? பன்னிரண்டு பேரும் தலையாட்டினோம்.

வெளியே டீ குடிக்கும்போது, தபால் பிரிவில் இருந்த நம்மூர்க்காரர் மெதுவாகச் சொன்னார்: “ஒரே கோப்பை மூணு ரிஜிஸ்டர்ல பதியறோம் சார். ரெண்டை எடுத்துட்டாலே போதும்.” “உள்ளேயே சொல்லியிருக்கலாமே?” என்றேன். “என் ஹிந்தியும் இங்கிலீஷும் உங்களுக்குத் தெரியாதா சார்?” என்று சிரித்தார். அவர் ஓய்வு பெறும்வரை மூன்று ரிஜிஸ்டர்களும் இருந்தன. அந்தச் சிரிப்பு மறக்காததால்தான், இந்த யோசனைக் கூட்டம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

அமெரிக்காவில் அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்று ஒரு விளம்பரத் துறைக்காரர் இருந்தார் (1888–1966). பி.பி.டி.ஓ. என்ற பெரிய விளம்பர நிறுவனத்தின் பெயரில் உள்ள கடைசி எழுத்து அவருடையது. 1930களின் இறுதியில் தம் ஊழியர்களைச் சிறு குழுக்களாக உட்காரவைத்து யோசிக்கச் செய்தார். கலந்துகொண்டவர்கள் அதற்கு வைத்த பெயர்தான் இன்று எல்லா அலுவலகங்களிலும் புழங்கும் ‘பிரெயின்ஸ்டார்மிங்’. 1953இல் வெளிவந்த ‘அப்ளைடு இமாஜினேஷன்’ என்ற நூலில் அதற்கு நான்கு விதிகள் வகுத்தார். யார் யோசனையையும் அந்த நேரத்தில் குறை சொல்லக் கூடாது. கிறுக்குத்தனமான யோசனைக்கும் இடம் உண்டு. எண்ணிக்கை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சேர்த்து வளர்க்கலாம். எது தேறும், எது தேறாது என்று சலிக்கும் வேலை பிறகு, தனியாக.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் டெய்லர், பெர்ரி, பிளாக் என்ற மூவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மாணவர்களில் ஒரு பாதியை நால்வர் நால்வராகக் கூடி யோசிக்கச் சொன்னார்கள். மறுபாதியைத் தனித்தனியே யோசிக்கவிட்டு, பிறகு அவர்களுடைய யோசனைகளை நான்கு பேருக்கு ஒரு கட்டாகச் சேர்த்து, ஒன்றுபோல் வந்தவற்றை ஒன்றாகவே கணக்கிட்டார்கள். தனியே யோசித்தவர்கள் ஏறக்குறைய இரு மடங்கு தந்திருந்தார்கள்!

ஏன் இப்படி? 1987இல் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீல், ஸ்ட்ரோபே என்ற இருவர் விடை தேடினார்கள். பிறர் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம், ‘அவன் சொல்லுவான், நமக்கென்ன’ என்ற மெத்தனம் எல்லாவற்றையும் ஆராய்ந்தார்கள். இருப்பதிலேயே பெரிய தடை மிகச் சாதாரணமான ஒன்று: ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். தன் முறை வரும்வரை காத்திருப்பவர் தன் யோசனையை மறந்துவிடுகிறார், அல்லது அதையே பிடித்துக்கொண்டு அடுத்ததை யோசிக்காமல் விடுகிறார்.

ஆஸ்போர்னும் தனியாக யோசிப்பதை வேண்டாம் என்று சொன்னவரில்லை. குழுவும் தனிமையும் மாறி மாறி வரவேண்டும் என்பதே அவர் எண்ணம். நம் அலுவலகங்கள் கூட்டத்தை எடுத்துக்கொண்டன, தனிமையை விட்டுவிட்டன.

இதற்கு மாற்றும் பிறந்தது. 1968இல் ஜெர்மானியரான பெர்ன்ட் ரோர்பாக் ‘6-3-5’ என்ற முறையை முன்வைத்தார். ஆறு பேர், ஆளுக்கு ஒரு தாள், மூன்று யோசனை, ஐந்து நிமிடம். பிறகு தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் படித்துப் பார்த்து, மேலும் மூன்று எழுதுவார். ஆறு சுற்றில், அரை மணி நேரத்தில் 108 யோசனைகள். யாரும் வாயே திறப்பதில்லை!

ஜப்பானில் 1962 முதல், இஷிகாவா போன்றோரின் முயற்சியால், தொழிற்சாலைத் தளத்தில் நிற்கும் தொழிலாளிகளே கூடித் தங்கள் வேலையின் குறைகளை ஆராயும் தரவட்டங்கள் பரவின. ‘குவாலிட்டி சர்க்கிள்’ என்றால் பலருக்கு உடனே புரியும். 1980களின் தொடக்கத்தில் பெல் நிறுவனத்தின் ஐதராபாத் ஆலை வழியாக அது இந்தியாவுக்கு வந்தது. 1982இல் அதற்கென அகில இந்திய அமைப்பும் உருவாயிற்று. இயந்திரத்தின் முன் நிற்பவனுக்குத்தான் அதன் நோவு தெரியும் என்பது அதன் அடிப்படை.

‘இதெல்லாம் நம்ம கிட்ட அப்பவே இருந்தது’ என்று சிலர் சொல்லக்கூடும். ஆஸ்போர்னே, இந்து குருமார்கள் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக ‘பிரை-பர்ஷனா’ என்ற இதே முறையைக் கையாண்டார்கள் என்று எழுதிவைத்தார். அந்தச் சொல் நம் வடமொழிச் சொல் எதையும் சரியாக ஒத்திருக்கவில்லை. அதை வைத்துப் பெருமை பேச வேண்டாம். நம்மிடம் உறுதியான சான்று வேறு இருக்கிறது. அமைச்சர்களைத் தனித்தனியாகவும் கேள், சேர்த்தும் கேள் என்கிறது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். யாரையும் இகழாமல் எல்லார் கருத்தையும் கேட்க வேண்டும், சிறுபிள்ளை சொன்னாலும் பொருளுள்ள சொல்லை ஏற்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. யேல் சோதனைக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ‘தனித்தனியாகவும்’ என்ற சொல் விழுந்திருக்கிறது, பாருங்கள். நெடுங்காலம் வழக்கொழிந்து கிடந்த அந்த நூலின் ஓலைச்சுவடி மைசூர் நூலகத்துக்கு வந்ததே தஞ்சாவூர்ப் பகுதிப் பண்டிதர் ஒருவர் கையால்தான். சாமசாஸ்திரி அதை 1909இல் பதிப்பித்தார்.

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது சிறிய காரியம்தான். கூட்டம் தொடங்கியதும் பத்து நிமிடம் எல்லாரும் தாளில் எழுதட்டும், பெயர் வேண்டாம். எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம். பெரியவர் கடைசியில் பேசட்டும். குறைநிறை பார்ப்பது அதற்கும் பிறகு.

அலுவலகத்தில் நம்மால் முடியாமல் போகலாம். நம் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் முடியும் அல்லவா? அங்கே மேடையில் பேசுகிறவர்கள் ஆண்டுதோறும் அதே ஏழெட்டுப் பேர். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களும், தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசும் நம் பிள்ளைகளும் அந்தத் தபால் பிரிவு நண்பரைப் போலவே சிரித்துவிட்டுப் போகிறார்கள். இந்த முறை அவர்கள் கையில் ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் கொடுத்துப் பார்ப்போமே.