சிம்சோனின் தலைமயிர்

2005ஆம் ஆண்டு ஒக்ரோபர் 4ஆம் திகதி, றமழான் நோன்பின் தொடக்கத்தில், அப்போது டுபாயைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த எம்.பி.ஸி. தொலைக்காட்சி ஒரு புதிய குடும்பத்தை அரபு வீடுகளுக்குள் அனுப்பிவைத்தது. மஞ்சள் தோல், பிதுங்கிய கண்கள், கைக்கு நான்கு விரல். குடும்பத் தலைவரின் பெயர் ஒமர் ஷம்ஷூன். மனைவி மோனா. மகன் பத்ர். மகள் பீஸா. ஊரின் பெயர் ரபீஆ, அதாவது வசந்தம்.

அமெரிக்காவில் 1989 டிசம்பர் 17 முதல் பொக்ஸ் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருக்கும் 'த சிம்சன்ஸ்' கேலிச்சித்திரத் தொடர்தான் அரபு உடை உடுத்தி 'ஆல் ஷம்ஷூன்' ஆகியிருந்தது. ஹோமர் ஒமரானார், மார்ஜ் மோனாவானார், பார்ட் பத்ரானான், லிசா பீஸாவானாள், ஸ்பிரிங்ஃபீல்ட் ரபீஆவானது. பெயரை மாற்றினால் ஆளும் மாறிவிடுவாரா என்ற கேள்வி அன்றே எழுந்தது. இருபது வருடங்கள் கடந்தும் அது முடிந்த கேள்வியல்ல. பெயரும் ஊரும் மாறி வாழும் எங்களுக்கு அது வெறும் தொலைக்காட்சிக் கேள்வியும் அல்ல.

'ஷம்ஷூன்' என்பது விவிலியத்தில் வரும் பலசாலியின் அரபுப் பெயர். எமது தமிழ் வேதாகமத்தில் அவன் சிம்சோன். எங்களுடன் குசினியில் நிற்கும் மன்னார்ப் பெடியன் ஒருவன்தான் இதைச் சொன்னான். "அண்ணை, சிம்சனும் சிம்சோனும் ஒண்டுதான். தலைமயிரை வெட்டினால் ரெண்டு பேருக்கும் பலம் போயிடும்." ஹோமர் சிம்சனின் தலையில் இருப்பதோ இரண்டே மயிர். அந்த இரண்டையும் எம்.பி.ஸி. எப்படி வெட்டியது என்பதுதான் இந்தக் கதையின் முதற்பகுதி.

மூலத்தில் ஹோமர் ஒரு பியர்க் குடியன். வேலை முடிந்தால் மோ என்பவரின் மதுச்சாலை. காலையில் டோனட், பிறகு பன்றியிறைச்சி. தேவாலயத்தில் நித்திரை. அரபுக்கு வந்தபோது பியர் மென்பானமாகியது. பன்றி மாட்டிறைச்சிச் சொசேச்சாகியது. டோனட் பெருநாளில் சாப்பிடும் 'கஹ்க்' பலகாரமாகியது. மோவின் மதுச்சாலை கதையிலிருந்து அகற்றப்பட்டது. இந்த வேலையைச் செய்தவர்கள் கைதேராதவர்கள் அல்லர். அரபு வசனத்தை ஆக்கிய எகிப்தியர் அம்ர் ஹொஸ்னி மூலத் தொடரை மிக மதித்தவர். ஒமருக்குக் குரல் கொடுத்தவர் மொஹமட் ஹெனெய்டி. 1998இல் வெளிவந்த 'அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஒரு சயீதி' படத்தின் மூலம் அரபு உலகெங்கும் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர். 'லயன் கிங்' படத்தின் எகிப்திய வடிவில் டிமோனுக்குக் குரல் கொடுத்ததும் அவரே. குறும்புக்காரச் சிறுவன் பத்ருக்குக் குரல் கொடுத்தவர் ஹனான் துர்க் என்ற நடிகை.

ஆயினும் தொடர் தோற்றது. ஆயத்தமான 52 அத்தியாயங்களில் 34 மட்டுமே ஒளிபரப்பாகி நின்றுபோயின.

ஏன் தோற்றது என்பதில்தான் அபிப்பிராயங்கள் பிரிந்தன. ஆங்கில மூலத்தை அறிந்திருந்த அரபு இளைஞர்கள், இது அவர்களுடைய ஹோமரே அல்ல என்றார்கள். அப்போது மூலத் தொடரின் பொறுப்பாளராயிருந்த அல் ஜீனும் கிட்டத்தட்ட அதையே சொன்னார்: குடிக்காமலும் பன்றி தின்னாமலும் இருப்பவர் ஹோமராக இருக்க முடியாது. மறுபக்கத்தில், நோன்பு மாதத்தில் குடும்பமாகக் கூடியிருந்து பார்க்கும் நேரத்தில் ஒரு குடிகாரத் தகப்பனைக் காட்டலாமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். கேலிச்சித்திரம் என்றால் பிள்ளைகளுக்குரியது என்று நினைத்தவர்களுக்கு, பிள்ளைகள் தகப்பனை எதிர்த்துப் பேசுவதே போதுமான குற்றம்.

இவற்றை எல்லாம் நாங்கள் பின்னாளில் படித்தும் கேட்டும் அறிந்தவர்கள். 2005இல் எம்மில் பலர் பாடசாலைச் சட்டையுடன் வன்னியிலும் மட்டக்களப்பிலும் திரிந்தோம். அல் கூஸுக்கு வந்தது பிறகு. அல் கூஸ் டுபாயின் தொழிற்பேட்டை. களஞ்சியங்கள், கராஜுகள், தொழிலாளர் குடியிருப்புகள், இவற்றுக்குச் சோறு போடும் எங்களைப் போன்றவர்களின் சாப்பாட்டுக் கடைகள். 2000களின் இறுதியிலிருந்து அதே களஞ்சியங்கள் சிலவற்றுள் ஓவியக் கூடங்களும் வந்துவிட்டன. ஒரே வீதியில் ரயர் மாற்றுபவனும் ஓவியம் வாங்குபவனும் நடக்கிறார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் ஒப்பமிடாத நாடு. ஆகவே எங்கள் அட்டைகளில் 'அகதி' என்ற சொல் கிடையாது. இங்கு எங்களுக்கும் பெயர் மாற்றம் நடந்திருக்கிறது. நாங்கள் 'தொழிலாளர்'.

கடைசிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, கைத்தொலைபேசியில் 'ஆல் ஷம்ஷூன்' துண்டுகளைப் பார்த்து நாங்கள் வாதாடியதுண்டு. எங்கள் மலையாளச் சமையற்காரர் இக்கா வெட்டியதை நியாயமென்றார். "விருந்துக்குக் கூப்பிட்டவன் வீட்டு முறைப்படிதானே இலை போடணும்?" என்பது அவர் கேள்வி. சாமான் கொண்டுவரும் எகிப்தியரோ ஹெனெய்டியின் குரலுக்காகவே அதைப் பார்க்கலாம் என்றார். மட்டக்களப்பு அண்ணர் ஒருவர் இரண்டையும் தள்ளிவிட்டார். "பியரைக் குடிச்சா என்ன, சோடாவைக் குடிச்சா என்ன? மனுசி பேசிறது பேசிறதுதானே?"

அண்ணரின் பேச்சில் ஒரு நியாயம் உண்டு. பியர் மட்டும் காரணமாக இருக்க முடியாது. மொழிமாற்றமும் குற்றமல்ல. 2007இல் தொடங்கிய சுட்டி ரிவியில் ஜாக்கி சானின் கேலிச்சித்திரத் தொடர் தமிழ் பேசியபோது, தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதைத் தங்கள் தெருக் கதையாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அது சாகசக் கதை. சாகசம் எந்த ஊரிலும் இறங்கும். சிம்சன் குடும்பம் சாகசம் செய்வதில்லை. அது தன் வீட்டு அழுக்குத் துணியைத் தெருவில் காயப்போடுகிறது. அணுமின் நிலையத்தில் தூங்கும் தொழிலாளி, அவனைச் சுரண்டும் முதலாளி, இலஞ்சம் வாங்கும் நகரபிதா, பிரசங்கத்தில் கொட்டாவி விடும் சபை எல்லாம் அமெரிக்கா தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்ட கோள். எம்.பி.ஸி. செய்தது என்னவென்றால், அந்த வீட்டையும் வீதியையும் முகங்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, பெயரையும் பண்டத்தையும் மாத்திரம் அரபாக்கியது. விளைவாக அது அமெரிக்கனின் மானத்தையும் வாங்கவில்லை, அரபியின் மானத்தையும் வாங்கவில்லை. யாருடைய மானமும் போகாத கேலியில் யார் சிரிப்பது? சிம்சோனின் பலம் பியரில் இருக்கவில்லை. சொந்த வீட்டைக் காட்டிக்கொடுப்பதில் இருந்தது.

இதைக் கொண்டு அரபு உலகுக்குச் சிரிக்கத் தெரியாது என்று முடிவுகட்டும் மேட்டிமைத்தனம் எங்களுக்கு உடன்பாடல்ல. அமெரிக்காவிலேயே 1990இல் பார்ட்டின் படம் போட்ட ரீசேர்ட்டுகளைச் சில பாடசாலைகள் தடை செய்தன. 1992 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ், அமெரிக்கக் குடும்பங்கள் வோல்ட்டன் குடும்பத்தைப் போல அதிகமாகவும் சிம்சன் குடும்பத்தைப் போலக் குறைவாகவும் இருக்கவேண்டும் என்று மேடையில் பேசினார். வெனிசுவேலாவில் 2008இல் இத்தொடர் பிள்ளைகளுக்கு ஆகாதென்று காலை நேரத்திலிருந்து அகற்றப்பட்டது. அதற்குப் பதிலாக வந்தது நீச்சலுடை அழகிகள் கடற்கரையில் ஓடும் 'பேவாட்ச்'. ஹொங்கொங்கில் 2021இல் டிஸ்னி நிறுவனத்தின் ஒளியோடையில், தியனன்மென் சதுக்கத்தைக் கேலியோடு தொட்ட அத்தியாயம் மாத்திரம் காணாமற்போயிருந்தது. கத்தரிக்கோலுக்கு மதமும் இல்லை, திசையும் இல்லை.

தவிரவும், டுபாய் தனக்கான பதிலை அடுத்த வருடமே கண்டுபிடித்தது. 2006 றமழானில் 'ஃபிரீஜ்' வந்தது. ஃபிரீஜ் என்றால் எங்கள் பேச்சில் குறிச்சி, அயல். மொஹமட் சயீத் ஹரெப் என்ற அமீரக இளைஞர் 1998இல் பொஸ்ரனில் மாணவனாக இருந்தபோது கீறிய ஒரு கிழவியிலிருந்து வளர்ந்த தொடர் அது. உம் சயீத், உம் சல்லூம், உம் அல்லாவி, உம் கம்மாஸ் என்று நான்கு ஆச்சிமார். முகத்தில் பழைய வளைகுடா முகமூடி, சுற்றிவரக் கண்ணாடிக் கோபுரங்கள். ஒருத்தி கவிதை சொல்வாள், ஒருத்திக்கு மறதி, ஒருத்திக்கு உலக விவகாரம் அத்துப்படி, ஒருத்திக்கு வாய்த்துடுக்கு. கோப்பிக் கோப்பையுடன் இருந்து அவர்கள் தங்கள் நகரத்தின் அவசரத்தையும் பகட்டையும் வம்பளப்பார்கள். பியர் இல்லை, பன்றி இல்லை. எவரும் எதையும் வெட்டவேண்டி வரவில்லை. ஆனாலும் சனம் சிரித்தது. பல றமழான்களுக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள். ஒமர் ஷம்ஷூனால் முடியாததை நான்கு ஆச்சிமார் செய்ததற்குக் காரணம் எளிது. அவர்கள் சொந்த வீட்டில் இருந்தார்கள்.

அந்த வீட்டில் நாங்கள் எங்கே? வளைகுடா நகைச்சுவைகளில் தென்னாசியத் தொழிலாளி வருவதுண்டு, உடைந்த அரபு பேசிக்கொண்டு சாரதியாக, கடைக்காரனாக, வேலையாளாக. வாசலில் நின்று ஒரு வசனம் பேசிவிட்டுப் போய்விடுவான். அமெரிக்கத் தொடரில் அவனுக்கு ஒரு பெயராவது இருந்தது: அப்பு நஹசபீமபெட்டிலோன். 1990 முதல் ஸ்பிரிங்ஃபீல்டில் கடை நடத்தும் இந்தியர், கணினி விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். குரல் கொடுத்தவரோ வெள்ளையரான ஹாங்க் அஸாரியா.

அப்பு விடயத்திலும் அபிப்பிராயங்கள் இரண்டு. நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 2017இல் வெளியிட்ட ஆவணப்படத்தில், அந்தப் போலி உச்சரிப்பு ஒரு தலைமுறைப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடங்களில் எப்படித் துரத்தியது என்பதைக் காட்டினார். 2018 ஏப்ரலில் தொடர் அலட்சியமாக ஒரு பதில் சொன்னது. 2020 ஜனவரியில் அஸாரியா அந்தக் குரலை விட்டுவிட்டார். இதைக் கேட்டு எங்கள் குசினியில் பாதிப் பேர் சரி என்றார்கள். மறுபாதி, கல்லாப்பெட்டியில் நின்ற ஒரே எம்மவனையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களே என்றது.

எங்களைப் பொறுத்தவரை, அப்புவை வைத்து ஆடிய அதே தொடர்தான் 1996 மே மாதம் வேறொன்றையும் செய்தது. ஊருக்குள் ஒரு கரடி வருகிறது. கரடிக் காவலுக்கு வரி உயர்கிறது. சனம் கொதிக்க, நகரபிதா கையை நீட்டுகிறார்: எல்லாம் சட்டவிரோதக் குடியேறிகளால் வந்தது. அவர்களைத் துரத்த ஒரு வாக்கெடுப்பு. 1994இல் கலிபோர்னியாவில் நிறைவேறிய 187ஆம் பிரேரணையின் நேரடிக் கேலி இது. அப்பு கள்ளப் பத்திரம் வாங்குகிறார், அதற்காகத் தன் ஊரையும் தெய்வத்தையும் மறைத்து அமெரிக்கனாக நடிக்கிறார், வெட்கப்பட்டு அதை எறிந்துவிட்டுச் சோதனை எழுதிப் பிரஜையாகிறார். வாக்கெடுப்போ வென்றுவிடுகிறது, பாடசாலையைக் கூட்டிய ஸ்கொட்லாந்துக்காரர் கப்பலேற்றப்படுகிறார். பட்டப்படிப்பைப் பாதியில் விட்டுவந்து கோப்பை கழுவும் எங்களில் சிலருக்கு, கலாநிதிப் பட்டத்துடன் கடையில் நிற்கும் அந்த மனிதனைப் பார்க்கும்போது உச்சரிப்பு காதில் விழுவதில்லை. வேறொன்று விழுகிறது. ஒரு கேலி ஒரே நேரத்தில் எம்மை இழிவுபடுத்தவும் எமக்காக வாதாடவும் முடியும் என்பதை அந்த அத்தியாயம் எங்களுக்குக் காட்டியது. ஆயினும் அந்த வாதாட்டமும் இரவற் குரலில்தான் நடந்தது.

எங்களுக்குச் சொந்தக் குரல் இருந்ததில்லையா? இருந்தது. கரவெட்டியில் பிறந்த சி. சிவஞானசுந்தரம், 'சுந்தர்', 1960களில் கொழும்பில் 'சிரித்திரன்' சஞ்சிகையைத் தொடங்கி, 1970களில் அதை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தார். அவருடைய சவாரித்தம்பரும் சின்னக்குட்டியும் எங்கள் ஃபிரீஜ். தாமோதரனை 'டாமோடிரன்' ஆக்கிக்கொண்ட மிஸிஸ் டாமோடிரன், ஆங்கில மோகம் பிடித்த எங்கள் நடுத்தர வர்க்கத்தின் முகத்துக்கு நேரே பிடித்த கண்ணாடி. சீதனம், சாதித்தடிப்பு, உத்தியோகப் பவுசு எதையும் சுந்தர் விட்டுவைக்கவில்லை. அந்தச் சிரிப்பை வாசித்துப் புண்பட்டவர்களும் மறுமாதம் காசு கொடுத்து அதை வாங்கினார்கள். அவர் 1996இல் இறந்தபோது நாடு சிரிக்கும் நிலையில் இருக்கவில்லை. ஆயுதம் வைத்திருந்த எல்லாத் தரப்பும் தன்னைப் பற்றிய சிரிப்பைத் துரோகமாகப் பார்த்த காலம் அது. போர் 2009இல் முடிந்தது. சிரிப்பின் மீதிருந்த ஊரடங்கு முடியவில்லை.

புலம்பெயர்ந்த நாங்கள் துயரத்தை எழுதப் பழகியிருக்கிறோம், வீரத்தைப் பாடப் பழகியிருக்கிறோம். இரண்டும் தேவை. ஆனால் எங்கள் கோயில் நிர்வாகசபைச் சண்டையை, சீட்டுக்காசுக்காரரை, சாமத்தியவீட்டுக்கு ஹெலிகொப்ரர் பிடிக்கும் மாமாவை, டுபாயில் கோப்பை கழுவிக்கொண்டு ஊருக்கு 'மனேஜர்' என்று சொல்லும் எங்களை, யார் கீறுவது? இதெல்லாம் குசினியில் தினமும் நடக்கும் சிரிப்புத்தான். குசினிக் கதவுக்கு வெளியே அது வருவதில்லை. வந்தால் 'எதிரி கேட்டால் என்ன நினைப்பான்' என்கிறோம். எதிரிக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. கேட்கப்போவது ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வளரும் எங்கள் பிள்ளைகள். அவர்கள் சிம்சன் குடும்பத்தின் மூலம் அமெரிக்காவைப் பார்த்துச் சிரிக்கப் பழகிவிட்டார்கள். அப்புவின் மூலம் தாய்தகப்பனின் உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்கவும் பழகிவிட்டார்கள். எங்களோடு சேர்ந்து எங்களைப் பார்த்துச் சிரிக்க அவர்களுக்கு நாங்கள் எதையும் கொடுக்கவில்லை.

அரபியரின் சிம்சோனுக்குத் தலைமயிரை வெட்டியது ஒரு தொலைக்காட்சி நிலையம். எங்கள் தலையில் கத்தரிக்கோலை வைத்தவர்கள் பலர். இன்று அதைப் பிடித்திருப்பது எங்கள் கைதான். வேதாகமக் கதையில் ஒரு வரி உண்டு, பலரும் கவனியாமல் கடந்துபோவது: சிறையில் மாவரைத்துக்கொண்டிருந்த சிம்சோனுக்குத் தலைமயிர் திரும்ப முளைக்கத் தொடங்கியது.