லாம்பெத் தாய்மார்களின் கணக்கேடுகள்

இன்றைய சரித்திரப் பேச்சை ஒரு கணக்குடன் தொடங்க விரும்புகிறேன். பக்கத்தில் காகிதமும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

1910ஆம் ஆண்டையொட்டிய லண்டன் மாநகரத்தை மனத்தில் நினைத்துக்கொள்வோம். தேம்ஸ் நதியின் தென்கரையில் லாம்பெத் என்றொரு பகுதி. அங்கே ஒரு தொழிலாளியின் குடும்பம்; கணவன், மனைவி, நான்கு குழந்தைகள். அவன் குடிகாரன் அல்லன், வேலையற்றவனும் அல்லன். வண்டியோட்டியாகவோ அச்சகத்தில் கூலியாளாகவோ நாள்தோறும் உழைக்கிறான். வாரக் கூலியில் தன் கைச்செலவுக்குச் சிறிது வைத்துக்கொண்டு, மனைவியின் கையில் 22 ஷில்லிங் கொடுக்கிறான். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுன். நம் பாட்டனார் காலத்தில் 12 தம்படி சேர்ந்து ஓர் அணாவானதைப் போன்ற கணக்கு இது. நாம் 1957இல் அதைக் கைவிட்டோம். ஆங்கிலேயர் 1971இல்தான் கைவிட்டனர்.

22 ஷில்லிங்கில் வீட்டு வாடகைக்கு ஏழரை ஷில்லிங் போகிறது. நிலக்கரிக்கு ஒன்றரை ஷில்லிங். ஈமச் செலவு இன்ஷூரன்சுக்கு ஒரு ஷில்லிங். விளக்குக்கும் காஸுக்கும் 10 பென்ஸ், சோப்பு முதலியவற்றுக்கு 5 பென்ஸ், துணிக்கும் காலணிக்குமாக 9 பென்ஸ். கூட்டிப் பாருங்கள், சரியாக 12 ஷில்லிங் ஆகும். எஞ்சிய 10 ஷில்லிங்கில் ஆறு பேர் ஏழு நாள் உண்ண வேண்டும். உடலுழைப்புச் செய்பவனுக்கு உணவு குறைந்தால் வேலை போய்விடும். வேலை போனால் எல்லாமே போய்விடும். ஆகவே அவன் உணவுக்கு நாளொன்றுக்கு 6 பென்ஸ் ஒதுக்குகிறாள் மனைவி. அதற்கு மூன்றரை ஷில்லிங் போக, மீதி ஆறரை ஷில்லிங், அதாவது 78 பென்ஸ். தாயும் நான்கு குழந்தைகளும் ஏழு நாளைக்கு அதைப் பங்கிட்டால், ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டேகால் பென்னிக்கும் சற்றுக் குறைவாகவே விழுகிறது. அந்நாளில் அங்கே ஒரு பைண்ட்டுப் பால், நம் அளவில் அரை லிட்டருக்குச் சற்று மேற்பட்டது, 2 பென்ஸ் விலை. ஒரு குழந்தைக்கு அந்தப் பாலை வாங்கிக் கொடுத்துவிட்டால், அதன் பங்கில் ரொட்டிக்குக் காற்பென்னிகூட மிஞ்சாது.

இந்தக் குடும்பத்தை நான் உங்களுக்காகக் கற்பித்துக்கொண்டேன். ஆனால் வாடகையும் விலைகளும் அக்காலத்து லாம்பெத்தைச் சேர்ந்தவை. அவை நமக்குக் கிடைத்திருப்பது எப்படி என்பதே இன்றைய விஷயம்.

இங்கிலாந்து அப்போது உலகிலேயே பெருஞ்செல்வம் படைத்த நாடுகளுள் ஒன்று. இருந்தும், 1899இல் அந்நாட்டிலும் வேல்ஸிலும் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 163 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் மாண்டன. ஏழைகள் ஏன் இப்படிப் பட்டினியும் நோயுமாகக் கிடக்கிறார்கள் என்ற கேள்விக்கு, வசதியுள்ளோர் பலர் ஒரு விடையைத் தயாராக வைத்திருந்தனர். ஏழைப் பெண்களுக்குச் சிக்கனம் தெரியாது, சமைக்கவும் தெரியாது, கிடைத்ததை வீணடிக்கிறார்கள் என்பதே அவ்விடை. போயர் யுத்தத்திற்குப் படையில் சேர வந்த இளைஞர் பலர் உடல் தகுதியற்றவர் எனத் தள்ளப்பட்டபோது அரசாங்கம் திகைத்து, ஒரு குழுவை அமைத்தது. 1904இல் அறிக்கை தந்த அக்குழு, பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்க வழி காண வேண்டும் என்று கூறியதோடு, தாய்மாரின் அறியாமையையும் விரிவாகப் பேசி, சிறுமிகளுக்குச் சமையற்கலை போதிக்க வேண்டும் என்றும் சொல்லிற்று.

இதற்கு முன்பே ஒருவர் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார். யார்க் நகரத்துச் சாக்லேட்டு உற்பத்தியாளர் குடும்பத்தைச் சேர்ந்த சீபோம் ரௌண்ட்ரீ, 1899இல் தம் ஊரின் தொழிலாளர் இல்லங்களை வீடு வீடாக ஆராயச் செய்தார். அமெரிக்க விஞ்ஞானி அட்வாட்டரின் ஆராய்ச்சியைத் துணைகொண்டு, உடல் உழைப்பதற்கு எவ்வளவு உணவு தேவை எனக் கணித்தார். அந்த உணவுக்கு அவர் மாதிரியாகக் கொண்டது, கதியற்றோரை அரசு அடைத்து வைத்துச் சோறிட்ட ஏழையர் விடுதியின் உணவுப் பட்டியலை. அதிலும் மலிவானவற்றையே பொறுக்கி, புது இறைச்சியை அறவே நீக்கினார். தாய் தந்தையும் மூன்று குழந்தைகளும் கொண்ட குடும்பத்திற்கு உணவுக்கு 12 ஷில்லிங் 9 பென்ஸ், வாடகைக்கு 4 ஷில்லிங், மற்றவற்றுக்கு 4 ஷில்லிங் 11 பென்ஸ், ஆக 21 ஷில்லிங் 8 பென்ஸ் வாரந்தோறும் வேண்டும் என்று முடிவு கட்டினார். இதில் ரயில் பயணம் இல்லை; செய்தித்தாள் இல்லை; ஊருக்கு ஒரு கடிதம் போடத் தபால்தலைகூட இல்லை. இந்த வறண்ட கோட்டையும் எட்டாதவர் யார்க்கில் 7,230 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் வறுமைக்குக் காரணம், குடும்பத் தலைவன் ஒழுங்காக வேலை செய்தும் கூலி போதாமையே. 1901இல் அவர் நூல் வெளிவந்தது.

அதே 1901இல், அதே இங்கிலாந்தில், நம் நாட்டவர் ஒருவரின் நூலும் வெளிவந்தது. தாதாபாய் நௌரோஜி எழுதிய ‘வறுமையும் இந்தியாவில் ஆங்கிலத் தன்மையற்ற ஆட்சியும்’ என்பதே அது. நௌரோஜி 1870களிலேயே, இந்தியன் ஒருவன் உயிர் வாழ என்ன செலவாகும் என்று கணக்கிட்டிருந்தார். அவர் கையாண்ட அளவுகோல், சிறைச்சாலைக் கைதிகளின் உணவும், கடல் கடந்து கூலிகளாகச் சென்றவர்களுக்குக் கப்பலில் தந்த படியும். இந்தியனின் சராசரி ஆண்டு வருமானம் 20 ரூபாய். சிறைக் கைதிக்குக் கிடைத்த சோறும் துணியும்கூட அதனால் வாங்க முடியாது எனக் காட்டினார். அங்கே ஏழையர் விடுதி, இங்கே சிறைச்சாலை. இருவரும் அரசாங்கத்தின் பட்டியலையே எடுத்து அரசாங்கத்தின் முன் வைத்தனர். வாதத்திற்கு அதைவிட வலுவான சாட்சி ஏது?

ஆனால் இவையெல்லாம் அறிஞர் வகுத்த கணக்குகள். வீட்டை நடத்துகிறவளின் கணக்கு வேறு. அதைத் தேடிப் போனவர்கள் ஃபேபியன் சங்கத்தின் மகளிர் குழுவினர். அவர்களுள் முன்னின்றவர் மாட் பெம்பர் ரீவ்ஸ் என்னும் அம்மையார். இவர் நியூஸிலாந்தில் வளர்ந்து, 1893இல் அந்நாட்டுப் பெண்கள் வாக்குரிமை பெற்றதைக் கண்ணாரக் கண்டவர்.

இக்குழுவினர் 1909 முதல் 1913 வரை லாம்பெத்தில் பணியாற்றினர். மகப்பேறு மருத்துவமனை ஒன்றின் பதிவேட்டிலிருந்து குடும்பங்களைத் தெரிந்தெடுத்தனர். தாய்க்கும் பிறக்கும் குழந்தைக்கும் சத்துள்ள உணவுக்காக, பேற்றுக்கு மூன்று மாதம் முன்பிருந்து குழந்தைக்கு ஒரு வயது நிறையும்வரை வாரம் 5 ஷில்லிங் அளித்தனர். பதிலுக்குத் தாய்மார் செய்ய வேண்டியது ஒன்றே: வாரச் செலவை எழுதி வைத்தல். வாரந்தோறும் ஒரு பார்வையாளர் சென்று ஏட்டைப் பார்ப்பார். எழுதத் தெரியாத தாய்மாரும் இருந்தனர். அவர்கள் சொல்லச் சொல்லக் கணவரோ மூத்த பிள்ளையோ எழுதினர். எழுத்துப்பிழைகள் மலிந்த இவ்வேடுகளைக் கொண்டு 1913இல் ரீவ்ஸ் அம்மையார் வெளியிட்ட நூலின் பெயர், ‘வாரம் ஏறத்தாழ ஒரு பவுன்’ என்று பொருள்படுவது. அரசாணைகளையும் போர்க்களங்களையுமே மூலாதாரம் என்று படித்துப் பழகிய சரித்திர மாணவர்கள், ரொட்டிக் கணக்கும் ஒரு மூலாதாரமே என்று அந்நூலில் கண்டுகொள்ளலாம்.

அவ்வேடுகள் காட்டும் முதல் உண்மை, ஏழைக்கு எல்லாம் விலை கூடுதல் என்பது. வசதியுள்ளவர் கோடையிலேயே நிலக்கரியை வண்டியாய் வாங்கிச் சேமிப்பார். லாம்பெத் பெண்ணுக்குச் சேர்த்து வைக்க இடமும் இல்லை, காசும் இல்லை. வாராவாரம் சில்லறையாகவே வாங்கினாள். தேயிலையும் சர்க்கரையும் அப்படியே. காஸ் அடுப்புக்கு மீட்டரில் ஒரு பென்னி போட்டால்தான் எரியும். இறைச்சி விஷயத்தில் மட்டும் அவள் ஒரு தந்திரம் கற்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கடை இராது. குளிர்பதனப் பெட்டியும் அந்நாளில் இல்லை. ஆகவே சனிக்கிழமை இரவு நேரமாக ஆக இறைச்சிக் கடைக்காரர்கள் விலையைக் குறைப்பார்கள். அந்நேரம் பார்த்துச் சந்தைக்குப் போவாள். ஞாயிறன்று அந்த இறைச்சி வீட்டோர் அனைவருக்கும். திங்களன்று மிச்சம் இருந்தால் கணவனுக்கு. அதன்பின் குழந்தைகளுக்கு உருளைக்கிழங்கு, இறைச்சிக் கொழுப்பு தடவிய ரொட்டி, கொழுப்பு நீக்கிய டப்பாப் பால் விட்ட தேநீர். நமக்கு மாதக் கடைசி எப்படியோ அப்படியே அவர்களுக்கு வாரத்தின் பின்பாதி.

அறிவுரை கூற வந்த சீமாட்டிகள் ரொட்டியைக் கண்டு முகம் சுளித்தனர். ஓட்ஸ் கஞ்சி மலிவாயிற்றே, சத்தாயிற்றே, அதைக் காய்ச்சினால் என்ன என்று கேட்டனர். தாய்மாரின் பதில்களைக் கேளுங்கள். கஞ்சி நெடுநேரம் கொதிக்க வேண்டும். அதற்கு மீட்டரில் பென்னி போட வேண்டும். வீட்டில் நல்ல பாத்திரம் ஒன்று இருந்தால் அதிகம். மீன் வெந்ததும் அதில்தான், கஞ்சி வைப்பதும் அதில்தான். அடி கனமில்லாத பழம் பாத்திரத்தில் கஞ்சி அடிப்பிடிக்கும். பாலும் சர்க்கரையும் விட்டால் குழந்தைகள் ஆவலோடு உண்பார்கள். வெறுங்கஞ்சியோ அவர்களுக்குக் குமட்டும். ரொட்டிக்கு அடுப்பு வேண்டாம், தட்டு வேண்டாம், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே அறுத்துக் கொடுத்துவிடலாம். இதில் எங்கே அறியாமை? என் பள்ளி நாட்களில் மனையியல் பாடநூல்களில் ‘சமச்சீர் உணவு’ என்ற வண்ணப்படத்தைக் காணும்போதெல்லாம் இந்தத் தாய்மாரை நினைத்துக்கொள்வதுண்டு. படத்தில் குறை ஒன்றுமில்லை. அதை வாங்கும் விலை மட்டும் அதில் போட்டிருப்பதில்லை.

ஈமச் செலவு இன்ஷூரன்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிக்கனம் போதித்தவர்களுக்கு இதுவே பெரிய எரிச்சல். பசிக்கிற குழந்தைக்குப் பால் வாங்காமல், அது செத்தால் புதைப்பதற்கு வாரம் ஒரு பென்னி கட்டுகிறாளே, இது என்ன மூடத்தனம் என்றனர். ஏடுகளில் வேறோர் எண்ணிக்கை இருந்தது. ஆராயப்பட்ட 42 குடும்பங்களில் 201 குழந்தைகள் பிறந்திருந்தன. அவற்றுள் 18 குழந்தைகள் இறந்தே பிறந்தன, அல்லது பிறந்த சில மணி நேரத்தில் இறந்தன. மீதி 183 குழந்தைகளில் 39 குழந்தைகளைப் பெற்றோர் புதைத்திருந்தனர். ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல்! இவ்வளவு அருகில் நிற்கும் சாவுக்கு முன்னேற்பாடு செய்வதை வீண் செலவு என்று எப்படிச் சொல்வது? இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால் கடன் வாங்க வேண்டும். கடனும் கிடைக்காவிட்டால், ஊர்ச் செலவில் கதியற்றவர் பிணமாகப் புதைக்கப்படும் அவமானம். நானும் தொழிலால் ஆசிரியன். காலைப் பதினோரு மணிக்கு மேசைமேல் தலை சாய்க்கும் பிள்ளையைப் பார்த்து முதலில் ‘சோம்பேறி’ என்று சொல்லத் தோன்றுவது ஆசிரிய உலகத்திற்குப் புதிதன்று. காலையில் அவன் என்ன சாப்பிட்டான் என்று கேட்பதற்கு அரை நிமிஷம்தான் ஆகும்.

ரீவ்ஸ் அம்மையாரும் அவர் குழுவினரும் கண்ட முடிவு, இப்பெண்கள் கணக்கில் தவறவில்லை, கணக்கில் பணம்தான் இல்லை என்பது. குழந்தைகளைக் காப்பது பெற்றோரின் கடமை மட்டுமன்று, அரசாங்கத்தின் கடமையுமாம் என்று அவர்கள் வாதித்தனர். அதற்குள் ஒரு வாசல் திறந்துதான் இருந்தது. 1906ஆம் ஆண்டுச் சட்டம், பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்க உள்ளூர் ஆட்சி மன்றங்களுக்கு அதிகாரம் தந்திருந்தது; கட்டாயப்படுத்தவில்லை. பள்ளிக்குப் போகாத சிறு குழந்தைகளுக்கோ ஒன்றும் இல்லை.

எலினார் ராத்போன் என்ற அம்மையார் இப்பணியை மேற்கொண்டு, 1924இல் குடும்பப்படி பற்றி ஒரு நூல் எழுதினார். பின்னர்ப் பார்லிமெண்டு உறுப்பினராகி ஓயாமல் வாதாடினார். 1945இல் மசோதா வந்தபோது, பணம் தந்தையின் பெயரில் வழங்கப்படுவதாக இருந்தது. வயது முதிர்ந்த நிலையிலும் ராத்போன் அதை எதிர்த்துப் போராடித் தாயின் பெயருக்கு மாற்றச் செய்தார். சட்டம் நிறைவேறிற்று. முதற் குழந்தைக்கு இல்லை. இரண்டாவது குழந்தை முதற்கொண்டு ஒவ்வொன்றுக்கும் வாரம் 5 ஷில்லிங். விலைவாசி ஏறிப் பணத்தின் பெறுமானம் குறைந்துவிட்டதெனினும், லாம்பெத்தில் கொடுத்த அதே தொகை.

ராத்போன் 1946 ஜனவரியில் காலமானார். அவ்வாண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் நாடெங்கும் தபால் நிலையங்களில் தாய்மார் வரிசையில் நின்று முதன்முறையாக அந்தப் பணத்தைப் பெற்றுக்கொண்டனர். அன்று செவ்வாய்க்கிழமை. ஞாயிற்றுக்கிழமை இறைச்சி தீர்ந்து, வெள்ளிக்கிழமைக் கூலிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.