வெள்ளைப் புலிகள் (இந்தியக் கடற்படை வானூர்தி அணி 300)

வெள்ளைப் புலிகள் எனப்படும் இந்தியக் கடற்படை வானூர்தி அணி 300 என்பது இந்தியக் கடற்படையின் முதலாவது ஜெட் சண்டை வானூர்தி அணியாகும். இவ்வணி ஜூலை 7, 1960 அன்று வேல்சிலுள்ள பிராடி என்னும் பிரித்தானியக் கடற்படை வான்தளத்தில் தோற்றுவிக்கப்பட்டது. சீ ஹாக், சீ ஹாரியர், மிக்-29கே ஆகிய மூன்று வகை வானூர்திகளை அடுத்தடுத்து இயக்கிய இவ்வணியின் தளம் கோவாவிலுள்ள ஐஎன்எஸ் ஹன்சா ஆகும்.

சீ ஹாக் காலம்

சீ ஹாக் ஒற்றை எந்திரமும் ஒற்றை இருக்கையும் கொண்ட, ஒலியின் வேகத்துக்கு உட்பட்ட வானூர்தி ஆகும். நான்கு 20 மி.மீ. பீரங்கிகள் இதில் பொருத்தப்பட்டிருந்தன. பெரும்பாலான ஜெட் வானூர்திகளில் எந்திரத்தின் வெப்பக்காற்று வால்வழியே வெளியேறும். சீ ஹாக்கிலோ அது இரண்டாகப் பிரிந்து இறக்கைகளின் பின்புற அடிப்பகுதி வழியாக வெளியேறியது. இதனால் உடலின் பின்பகுதியில் எரிபொருள் வைக்க இடம் கிடைத்தது.

மார்ச் 4, 1961 அன்று பெல்பாஸ்ட்டில் ஐஎன்எஸ் விக்ராந்த் பணியில் சேர்க்கப்பட்டது. மே 18, 1961 அன்று லெப்டினன்ட் ஆர். எச். தகிலியானி அதன் தளத்தில் முதல் ஜெட் வானூர்தியை இறக்கினார். இவர் பின்னாளில் (1984-1987) கடற்படைத் தலைமைத் தளபதியாக விளங்கினார். ஐஎன்எஸ் ஹன்சா செப்டம்பர் 5, 1961இல் முதலில் தொடங்கப்பட்ட இடம் கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள சூலூர் என்பதைப் பலர் அறியார். கோவா இந்தியாவுடன் இணைந்த பின்னர், 1964இல் இத்தளம் தபோலிமுக்கு மாற்றப்பட்டது.

கப்பலில் இறங்குதல்

இவ்வணியின் துணிச்சலை உணர, கப்பலில் வானூர்தி இறங்கும் முறையை அறிதல் வேண்டும். விக்ராந்தின் மொத்த நீளமே ஏறத்தாழ 213 மீட்டர். இறங்குவதற்கான சாய்தளம் அதன் ஒரு பகுதி மட்டுமே. கப்பலோ முன்னோக்கி நகர்வதுடன் அலையில் ஏறி இறங்கிக்கொண்டும் இருக்கும். வானோடி வானூர்தியின் வாலிலுள்ள கொக்கியைத் தளத்தின் குறுக்கே கட்டப்பட்ட எஃகு வடங்களுள் ஒன்றில் மாட்ட வேண்டும். சக்கரங்கள் தளத்தைத் தொட்ட நொடியில் அவர் எந்திரத்தின் வேகத்தைக் குறைப்பதில்லை. மாறாக முழு விசைக்கு உயர்த்துகிறார். கொக்கி வடத்தைத் தவறவிட்டால் மீண்டும் மேலெழுந்து பறப்பதற்கு அதுவே ஒரே வழி. நிற்க வேண்டிய இடத்தில் விசையைக் கூட்டும் இப்பழக்கம் பயிற்சியினால் மட்டுமே கைவருவது.

1971 போர்

1965 போரின்போது விக்ராந்த் பழுதுபார்ப்பில் இருந்ததால் இவ்வணியால் கடலிலிருந்து இயங்க இயலவில்லை. 1971இலும் அந்நிலை ஏறக்குறைய மீண்டும் நேர இருந்தது. கப்பலின் நான்கு கொதிகலன்களுள் ஒன்றில் விரிசல் ஏற்பட்டு வேகம் குறைக்கப்பட்டிருந்தது. வானூர்தி ஏவுவதில் இது சிறிய குறை அன்று. நீராவிக் கவண் தரும் வேகத்துடன், எதிர்க்காற்றும் கப்பலின் வேகமும் சேர்ந்தே வானூர்தியைத் தூக்குகின்றன; கப்பல் மெதுவாகச் சென்றால், காற்றில்லா வேளையில் சுமையுடன் எழுவது கடினமாகும். இருப்பினும் கப்பல் வங்காள விரிகுடாவுக்கு அனுப்பப்பட்டது.

டிசம்பர் 4, 1971 அன்று சீ ஹாக்குகள் காக்சு பசார் வானூர்தி நிலையத்தையும், பின்னர் சிட்டகாங் துறைமுகத்தையும் வானூர்தி நிலையத்தையும் தாக்கின. தொடர்ந்த நாட்களில் குல்னா, மங்ளா முதலிய இடங்களும் இலக்காயின. விமான எதிர்ப்புச் சூட்டுக்கு இடையே தாழப் பறந்து நடத்தப்பட்ட இத்தாக்குதல்களில் ஒரு சீ ஹாக் கூட இழக்கப்படவில்லை. அணித்தலைவர் சந்தோஷ் குமார் குப்தாவுக்கும், கப்பலின் தலைவர் சுவராஜ் பிரகாசுக்கும் மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது.

சீ ஹாரியர் காலம்

1979இல் இந்தியா முதற்கட்டமாக ஆறு சீ ஹாரியர்களையும் இரண்டு பயிற்சி வானூர்திகளையும் வாங்க ஒப்பந்தம் செய்தது. முதல் மூன்று வானூர்திகள் டிசம்பர் 16, 1983 அன்று கோவாவை வந்தடைந்தன. அவ்வேளையில் அணிக்குத் தலைமை தாங்கிய அருண் பிரகாஷ் 2004 முதல் 2006 வரை கடற்படைத் தலைமைத் தளபதியாக இருந்தார். 1987இல் பணியில் சேர்ந்த ஐஎன்எஸ் விராட் கப்பலே இவ்வணியின் முதன்மைக் கப்பலாயிற்று.

சீ ஹாரியருக்குக் கவணும் தேவையில்லை, வடமும் தேவையில்லை. கப்பலின் முன்முனையிலுள்ள வளைந்த சரிவின் வழியே ஓடி எழும். திரும்புகையில் தளத்துக்கு மேல் அந்தரத்தில் நின்று செங்குத்தாக இறங்கும். எந்திரத்தின் நான்கு சுழலும் குழல்களைக் கீழ்நோக்கித் திருப்புவதால் இது இயலுகிறது. அந்தரத்தில் நிற்கும்போது இறக்கைகள் தூக்குவதில்லை; முழு எடையையும் எந்திரமே தாங்குகிறது. வெப்பமான காற்று அடர்த்தி குறைந்தது ஆதலால் உந்துவிசையும் குறைகிறது. ஆகவே பிரித்தானியாவின் குளிர்கடலைவிட அரபிக்கடலில் வானோடிக்குக் கைவசமிருந்த விசை குறைவு.

இதற்கான விலை பெரிது. வாங்கப்பட்ட முப்பது வானூர்திகளுள் பாதிக்கும் மேற்பட்டவை விபத்துகளில் இழக்கப்பட்டன. வானோடிகள் பலர் உயிரிழந்தனர். இவ்வளவுக்கும் இந்திய சீ ஹாரியர்கள் எதிரியின் குண்டினால் ஒன்றையும் இழக்கவில்லை. போரைவிட அன்றாடப் பயிற்சியே கொடிதாக இருந்தது எனலாம். எஞ்சியவற்றுள் சிலவற்றுக்குப் பின்னர் இசுரேலிய எல்டா ரேடாரும் டெர்பி ஏவுகணையும் பொருத்தப்பட்டன. தொலைவிலுள்ள இலக்கைக் கண்ணால் காணாமலே தாக்கும் திறனை இம்மேம்பாடு அளித்தது. ஆயினும் வானூர்திகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது.

மிக்-29கே

மே 11, 2016 அன்று கோவாவில் நடந்த விழாவில் சீ ஹாரியர் விடைபெற்றது. அதே நாளில் இவ்வணி இரட்டை எந்திர மிக்-29கே வானூர்திகளைப் பெற்றது. 2013இல் பணியில் சேர்ந்த ஐஎன்எஸ் விக்ரமாதித்யா கப்பலில் இவை சரிவின் வழியே எழுந்து, கொக்கியும் வடமும் கொண்டு இறங்குகின்றன. அதாவது, முப்பதாண்டுகளுக்குப் பின் இவ்வணி சீ ஹாக் காலத்து இறங்குமுறைக்கே திரும்பியது. விராட் மார்ச் 6, 2017 அன்று ஓய்வு பெற்றது.

இவ்வணி பறந்த சீ ஹாக், சீ ஹாரியர் ஆகிய இருவகை வானூர்திகளையும் கோவாவிலுள்ள கடற்படை வானூர்தி அருங்காட்சியகத்தில் காணலாம்.