மரம் உக்கிய பின்

கோட்டை என்றவுடன் எம்மவர் மனதில் எழுவது யாழ்ப்பாணத்துக் கற்கோட்டை. கட்டியவர் போர்த்துக்கேயர், திருத்திப் பெருப்பித்தவர் ஒல்லாந்தர். விரிவுரையாளனாக இருந்த காலத்தில் என் மாணவர் கேட்டதும் கல்வெட்டு எங்கே, கற்சுவர் எங்கே என்றுதான்.

இன்று தொழிற்சாலை விடுமுறை நாட்களில் நான் ஏறுவது, லின்ஃபீல்டுக்கு அண்மையிலுள்ள புக்கெத்தாப்பாப்பா என்னும் எரிமலைக் குன்றில். அதன் சரிவில் வெட்டிய படிமேடைகள் மாவோரி மக்களின் 'பா' எனப்படும் அரண்குடியிருப்பின் எச்சங்கள். இத்தகைய அரண்களின் மரவேலிகள் உக்கிவிட்டன. ஆனால் கம்பம் நின்ற குழியில் மண்ணின் நிறம் மாறியிருக்கும். தொல்லியலாளர் அதைத் தொடர்ந்து வேலியின் போக்கை வரைவர். 1066க்குப் பின் இங்கிலாந்தில் நோர்மானியர் எழுப்பிய மரக்கோட்டைகள் பலவற்றையும் இன்று காட்டுவன மண்மேடும் அகழியுமே.

மரமும் மண்ணும் பலவீனமானவை அல்ல. ருவாப்பெக்கப்பெக்காவில் காவிட்டியின் மர அரணுக்குள் பிரித்தானியர் நுழைந்தது, பீரங்கிகளால் தாக்கிய பின், 1846 ஜனவரி 11இல்.

பிறகு ஒக்லண்டின் குன்றுகள் பல, வீதிக்கும் ரயில் பாதைக்கும் கல்லெடுக்க வெட்டப்பட்டன. அத்துடன் அரண்களும் அழிந்தன. புக்கெத்தாப்பாப்பா உட்பட 14 குன்றுகளின் உரிமை 2014ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாவோரிக் குலங்களிடம் மீண்டது.

திருக்குறளின் அரண் அதிகாரம் காட்டையும் அரணாகவே எண்ணுகிறது. எமது வரலாற்றெழுத்தோ கல்லைத் தேடுகிறது. கல்லை மட்டும் சான்றாகக் கேட்பவர், கற்கோட்டை கட்டிய ஆட்சியாளருக்கு மட்டுமே வரலாறு எழுதுவர். வன்னியில் புல்டோசர் தள்ளும் மேடு எதுவென்று யார் பார்த்துச் சொல்வது?