நழுவிய பந்தும் நடுவர் தீர்ப்பும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கலாசாலை மாணவர்கள் ஆடும் கால்பந்தாட்டம், பந்தைக் காலால் உதைப்பதைக் காட்டிலும் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதையே பெரும்பகுதியாகக் கொண்டது. இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில், ஆன் ஆர்பர் நகரத்து அரங்கில் கூடுவது போல் லட்சம் ஜனங்கள் கூடிப் பார்த்திருக்க, ஓடுகிறவன் கையிலிருந்து பந்து நழுவி விழுந்துவிட்டால், அந்த ஒரு கண நேரத்துச் சம்பவத்தைப் பற்றிய தர்க்கம் சில சமயம் ஒரு தலைமுறைக்கு மேலும் ஓய்வதில்லை. ‘ஃபம்பிள்’ என்று அவர்கள் வழங்கும் இந்த நழுவலில் இரண்டு கேள்விகள் பிணைந்து கிடக்கின்றன. பந்து கையை விட்டது எப்போது என்பது ஒன்று. விட்டதனால் யாருக்கு எவ்வளவு லாபம் சேர வேண்டும் என்பது மற்றொன்று. முன்னது சாட்சியத்தைப் பொறுத்த விஷயம். பின்னது தர்மத்தைப் பொறுத்தது. இவ்விளையாட்டின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், முன்னதற்கு விடை காண எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன என்பதும், பின்னதில் விதி வகுப்போரின் மனம் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை என்பதும் தெரிய வரும்.

1869-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் தேதி நியூ ஜெர்சியில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கலாசாலைகள், கோஷ்டிக்கு 25 பேராக நின்று ஆடிய ஆட்டத்தையே இதற்கு ஆதி என்று சொல்வது மரபு. அதில் பந்தைக் கையிலேந்தி ஓடும் வழக்கம் கிடையாதாகையால், நழுவவிடும் பேச்சுக்கும் இடமில்லாதிருந்தது. பிறகு ரக்பி ஆட்டத்தின் செல்வாக்கு வந்து புகுந்தது. அப்போதும், இரு கோஷ்டியாரும் தோளோடு தோள் முட்டி நின்ற கும்பலின் நடுவே கிடந்த பந்து யாருக்கும் சொந்தமாக இருக்கவில்லை. யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த வால்டர் காம்ப் என்பவர், 1880-இல், கோஷ்டிக்கு 11 பேர் என்றும், ஒரு கோட்டிலிருந்து ஒரு கோஷ்டி மட்டுமே பந்தைத் தன் வசம் வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்க வேண்டும் என்றும் ஏற்பாடு செய்வித்தார். பந்துக்கு உடைமைக்காரன் ஏற்பட்ட அன்றுதான் அதை இழப்பதும் ஒரு குற்றமாயிற்று என்பது என் அபிப்பிராயம். அக்காலத்து நியாய ஸ்தலமும் விநோதமானதே: ஒவ்வொரு கோஷ்டியும் தனக்கென ஒரு நீதிபதியை அழைத்து வரும், அவரோ தம் கட்சிக்கு வக்கீலாகவே நின்று வாதாடுவார், நடுவில் நின்ற மத்தியஸ்தரின் பாடு திண்டாட்டந்தான்.

இன்று ஆண்டுதோறும் தலைசிறந்த மாணவ ஆட்டக்காரருக்கு அளிக்கப்படும் பரிசுக்குப் பெயர் தந்தவரான ஜான் ஹைஸ்மன் என்ற பயிற்சியாளர், பந்தை நழுவவிடுவதைக் காட்டிலும் சிறு பிள்ளையாக இருக்கும்போதே செத்திருப்பது மேல் என்று தம் மாணாக்கருக்குப் போதித்து வந்ததாகச் சொல்வார்கள். நாடக மேடையிலும் நடித்துப் பழகியவர் அவர். கொஞ்சம் மிகைப்படுத்திப் பேசுவது அவருக்கு இயல்பாக வந்திருக்கும்.

நழுவிய பந்துகளுள் பிரசித்தி பெற்றது, 1929-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, பாஸடீனா நகரத்து ரோஸ் பௌல் ஆட்டத்தில் விழுந்ததுதான். கலிபோர்னியாவும் ஜார்ஜியா டெக்கும் மோதிய அந்த ஆட்டத்தின் இரண்டாம் கால்பகுதியில், எவரும் ஒரு புள்ளியும் எடுத்திராத வேளையில், டெக் கோஷ்டியின் தாமஸன் பந்தைத் தவறவிட, கலிபோர்னியாவின் ராய் ரீகல்ஸ் அதைப் பாய்ந்து எடுத்தார். எதிரிகளின் எல்லைக் கோடு ஏறக்குறைய 30 கெஜ தூரத்தில் இருந்தது. ஆனால் நெருக்கித் தள்ளிய எதிரிகளிடமிருந்து தப்பும் முயற்சியில் உடம்பு சுழன்று திசை மாறிவிட, அவர் தம்முடைய எல்லையை நோக்கியே ஏறத்தாழ 65 கெஜம் ஓடினார். தம் கோஷ்டியைச் சேர்ந்த பென்னி லாம், கூவிக்கொண்டே துரத்தி வந்து எல்லையருகே அவரைப் பிடித்து நிறுத்த, அவர் திரும்ப எத்தனிப்பதற்குள், டெக் ஆட்டக்காரர்கள் மேலே விழுந்து அவரை 1 கெஜக் கோட்டில் வீழ்த்தினார்கள். அபாயத்திலிருந்து மீள்வதற்காகக் கலிபோர்னியா உதைத்த பந்தும் தடுக்கப்பட்டு, எதிரிக்கு 2 புள்ளிகள் கிடைத்தன. முடிவில் ஜார்ஜியா டெக் 8, கலிபோர்னியா 7. இத்தனைக்குப் பிறகும் அடுத்த பருவத்துக்குக் கலிபோர்னியா கோஷ்டியின் தலைவராக ரீகல்ஸே விளங்கினார் என்பது அந்த மாணவர்களுக்குப் பெருமை தரும் செய்தி.

அதே ஆண்டில் விதியும் மாறிற்று. தரையில் விழுந்த பந்தைத் தடுப்புக் கோஷ்டியார் கைப்பற்றலாம், ஆனால் எடுத்த இடத்திலேயே ஆட்டம் நின்றுவிடும், அதை எடுத்துக்கொண்டு ஓடலாகாது என்று நிர்ணயித்தார்கள். ரீகல்ஸ் ஓடியது போன்ற ஓட்டம், நேர்த் திசையிலானாலும் எதிர்த் திசையிலானாலும், இதன் பின்னர் விதிப்படியே அசாத்தியமாயிற்று. நழுவவிட்டவனிடம் இவ்விதி தயை காட்டியது உண்மைதான். பந்தை இழந்த தண்டனையே போதும், அதன்மேல் ஆறு புள்ளிகளையும் இழக்க வேண்டாம் என்பது அதன் கருணை. ஆயினும் விழிப்போடிருந்து பந்தைக் கைப்பற்றியவனின் சாமர்த்தியத்துக்குக் கூலி மறுக்கப்பட்டது. ஆறு தசாப்தங்களுக்குப் பின், 1990-இல், ஆட்டம் தொடங்கும் கோட்டைத் தாண்டி நழுவிய பந்தோடு ஓடலாம் என்று சிறிது தளர்த்தி, 1992-இல் எங்கே நழுவினாலும் ஓடலாம் என்று முற்றும் திறந்துவிட்டார்கள்.

இனிச் சாட்சியத்தின் கதை. 1979-ஆம் ஆண்டு ரோஸ் பௌலில், தெற்குக் கலிபோர்னியா சர்வகலாசாலையின் சார்லஸ் வைட், மிச்சிகன் எல்லைக்கு 3 கெஜ தூரத்திலிருந்து மனிதக் குவியலின் மேலாகப் பாய்ந்தார். கோட்டை அவர் உடல் தாண்டுமுன்பே பந்து கையை விட்டுப் போய், மிச்சிகன்காரர் ஒருவர் அதைப் பற்றிக்கொண்டார். ஒரு நடுவர் பந்து நழுவிய இடத்தைக் குறிக்க ஓடி வர, மற்றொருவர் இரண்டு கைகளையும் உயர்த்தி டச்டவுன், அதாவது ஆறு புள்ளி, என்று அறிவித்தார். உயர்ந்த கைகளே வென்றன. ஆட்டத்தின் முடிவு 17-க்கு 10. அந்தப் பருவத்தின் தேசியப் பட்டத்திலும் தெற்குக் கலிபோர்னியாவுக்குப் பங்கு கிடைத்தது. டெலிவிஷனில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்ட படம், வீட்டிலிருந்த லட்சக்கணக்கானவர்களை நடுவரைவிடச் சிறந்த சாட்சிகளாக்கிவிட்டது.

படச்சுருளைச் சாட்சியாக ஏற்றவர்கள் முன்பே இருந்தார்கள். 1940 நவம்பரில், கணக்குத் தவறிய நடுவர் கார்னெல் கோஷ்டிக்கு முறையான நான்குக்கு மேல் ஐந்தாவது முயற்சியொன்றை அளிக்க, அதனால் டார்ட்மத்தை 7-க்கு 3 என வென்ற கார்னெல், படச்சுருளைப் பார்த்ததும் வெற்றியைத் தானாகவே துறந்தது. சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, இதே பிழையால் மிஸ்ஸௌரியை 33-க்கு 31 என்று வென்ற கொலராடோ, துறக்கவில்லை.

2004-இல் பிக் டென் என்ற கலாசாலைக் கூட்டத்தார் பரீட்சையாகத் தொடங்கிய படப் பரிசீலனை, 2006-இல் பொது விதியாயிற்று. ஓடுகிறவனின் முழங்கால் புல்லைத் தொட்டது முந்தியா, பந்து விரலை விட்டது முந்தியா என்பதே அங்கே எழும் பெரும்பாலான வழக்கு. கலாசாலை விதிப்படி, எதிரி தொடாமல் தானே சறுக்கி விழுந்தாலும் முழங்கால் பட்டதும் ஆட்டம் முடிந்துவிடும். ஐயத்துக்கு இடமில்லாத ஆதாரம் இருந்தாலொழிய மைதானத்துத் தீர்ப்பை மாற்றக் கூடாது. ஆனால் அதே 2006 செப்டம்பரில், ஓரெகன் உதைத்த பந்தை, விதிக்கு மாறாக, 10 கெஜம் போவதற்குள் ஓரெகன்காரரே தொட்டதும், ஓக்லஹோமா ஆட்டக்காரர் கையில் பந்து இருந்ததும் படத்தில் தெரிந்தும், தீர்ப்பு ஓரெகனுக்கே நின்றது. ஓரெகன் 34-க்கு 33 என்று வென்றது. நடுவர்கள் ஓர் ஆட்டத்துக்கு விலக்கி வைக்கப்பட்டார்கள். முடிவு மாறவில்லை.

கண்ணைப் பற்றிய பிரச்சினை இப்படியிருக்க, தர்மத்தைப் பற்றியது ஒன்று மிச்சமிருக்கிறது. எதிரியின் எல்லையருகே நழுவிய பந்து முன்னோக்கி உருண்டு, 1 கெஜக் கோட்டுக்கு நேராகப் பக்கவாட்டில் வெளியேறினால், நழுவிய இடத்திலேயே இழந்தவனுக்குத் திருப்பித் தரப்படுகிறது. அதே பந்து இன்னும் சற்று உருண்டு எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியேறினாலோ, எதிரி அதைத் தொடாமலே அவனுக்கு உரியதாகி, 20 கெஜக் கோட்டில் அவனிடம் ஒப்படைக்கப்படுகிறது. எல்லைக்கு அப்பாலுள்ள நிலம் தடுப்பவனுடைய வீடு, அங்கே தவறியவன் அதன் பலனை அனுபவிக்கட்டும் என்று இதற்குச் சமாதானம் கூறுகிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. குற்றம் ஒன்றாயிருக்க, பந்து உருண்ட மூன்றடி தூரத்தைக் கொண்டு தண்டனையை இத்தனை பெருக்குவது நியாயமாகாது. கைப்பற்றிய சாமர்த்தியத்துக்குத்தான் 1992-இல் கூலி வழங்கினார்கள்; இங்கே யாரும் எதையும் கைப்பற்றவில்லை. விதிக் குழுவினர் அந்த நியாயத்தையே இதற்கும் பொருத்தி, பந்தை நழுவிய இடத்துக்கே திருப்பித் தருவார்களாக.