அளவுரு நீள வரம்பு

அளவுரு நீள வரம்பு என்பது ஒரு கணினி நிரல் மற்றொரு நிரலிடம் கையளிக்கும் தரவு எவ்வளவு நீளமாக இருக்கலாம் என்பதற்கான மேல் எல்லை ஆகும். கட்டளை வரி, இணைய முகவரி (உரலி), கோப்புப் பெயர், குறுஞ்செய்தி என வழிக்கு வழி இவ்வரம்பு வேறுபடும். வரம்பு எவ்வளவு என்பதைக் காட்டிலும், அது எந்த அலகில் எண்ணப்படுகிறது என்பதே தமிழில் தரவைக் கையாளுவோருக்கு முதன்மையான கேள்வியாகும்.

வரம்பின் தேவை

தரவைப் பெறும் நிரல் அதற்கென நினைவகத்தில் ஓர் இடத்தை ஒதுக்குகிறது. இது இடையகம் எனப்படும். வரும் தரவின் நீளத்தைச் சரிபார்க்காவிடில், மிகுதியானது அடுத்துள்ள நினைவகப் பகுதியில் வழிந்து அங்குள்ளவற்றை அழித்துவிடும். 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய மோரிசு புழு இக்குறையையும் பயன்படுத்திக்கொண்டது. யுனிக்சுக் கணினிகளில் இயங்கிய ஒரு சேவை நிரலின் 512 பைட்டு இடையகத்திற்கு அது 536 பைட்டுகளை அனுப்பியது.

எழுத்து, குறியீடு, பைட்டு

கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்திற்கு அருகிலுள்ள கிள்ளை என்னும் பேரூரின் பெயரை எடுத்துக்கொள்வோம். தமிழ் இலக்கணப்படி இதில் கி, ள், ளை என மூன்று எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியிலோ ககரம், இகரக் குறி, ளகரம், புள்ளி, ளகரம், ஐகாரக் குறி என ஆறு குறியீடுகள். யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகள் கொள்ளும். ஆகவே 18 பைட்டுகள். உரலியில் அனுப்பும்பொழுது ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியாகவும் இரண்டு பதினறும இலக்கங்களாகவும் எழுதப்படுவதால், பெயரின் நீளம் 54 வரியுருக்கள் ஆகிவிடுகிறது. இதே பெயரை உரோமன் எழுத்தில் எழுதினால் ஆறு வரியுருக்களே.

உரலியின் நீளத்திற்கு எச்.டி.டி.பி. சீர்தரம் மேல் எல்லை எதையும் விதிக்கவில்லை. எனினும், இன்டர்நெட் எக்சுபுளோரர் உலாவி 2083 வரியுருக்களுக்கு மேல் ஏற்றதில்லை. இது ஏறத்தாழ 230 தமிழ்க் குறியீடுகளுக்கே போதும். அப்பாச்சி வழங்கி, அமைப்பை மாற்றாதவரை, வேண்டுகோள் வரியொன்றுக்கு 8190 பைட்டுகளை ஏற்கும். மீறினால் 414 என்னும் பிழை எண்ணைத் திருப்பி அனுப்பும். ஆங்கிலத்தில் மட்டும் சோதிக்கப்பட்ட விண்ணப்பப் படிவம் தமிழில் ஒரு நீண்ட பத்தியை இட்டவுடன் முறிவது இதனால்தான். சோதித்தவர் அப்பிழையைக் கண்டே இருக்கமாட்டார்.

விக்கிப்பீடியாவும் இதற்கு விலக்கன்று. மீடியாவிக்கி மென்பொருளில் கட்டுரைத் தலைப்பு 255 பைட்டுகளுக்குள், அதாவது 85 தமிழ்க் குறியீடுகளுக்குள் அமைய வேண்டும். தொகுப்புச் சுருக்கத்திற்கும் இதே 255 பைட்டு எல்லைதான் நெடுநாள் இருந்தது. 2018 இல் அது 500 ஒருங்குறிக் குறியீடுகளாக மாற்றப்பட்டது. எண் கூடியதைவிட அலகு மாறியதே தமிழருக்குப் பெரிய பயன்.

குறுஞ்செய்தி ஒன்றின் கொள்ளளவு 140 பைட்டுகள். ஆங்கிலத்தில் 160 வரியுருக்கள் அடங்கும்; ஒருங்குறித் தமிழில் 70 குறியீடுகள் மட்டுமே. கடலோர ஊர்களுக்குத் தமிழில் புயல் எச்சரிக்கை எழுதுவோர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இயங்குதளங்கள்

விண்டோசில் புதிய செயலாக்கத்தைத் தொடங்கும் கட்டளை வரி 32,767 அலகுகள் வரை இருக்கலாம். கட்டளைச் சாளரத்தில் 8191 மட்டுமே. இங்கு ஒரு தமிழ்க் குறியீடு ஓர் அலகாகும். லினக்சில் பொதுவாகத் தனி அளவுரு ஒன்றுக்கு 1,31,072 பைட்டுகள் எல்லை. கோப்புப் பெயரில் இவ்வேறுபாடு நன்கு புலப்படும்: விண்டோசில் 100 தமிழ்க் குறியீடுகளில் பெயரிட்ட கோப்பை லினக்சின் வழமையான கோப்பு முறைமைக்குப் படியெடுக்க இயலாது. அங்கு பெயருக்கு 255 பைட்டுகளே இடமுண்டு. இதற்கோ 300 தேவை.

துண்டிப்பு

பிழை காட்டி நிற்கும் நிரலைவிட, மிகுதியை ஓசையின்றி வெட்டிவிடும் நிரலே தீங்கானது. மூன்று பைட்டுகளின் நடுவே வெட்டினால் சிதைந்த குறி தோன்றும், அதையாவது கண்டுகொள்ளலாம். குறியீட்டின் எல்லையில் வெட்டினால், கிள்ளை கடைசிக் குறியை இழந்து 'கிள்ள' என்றாகும். அதுவும் தமிழ்ச்சொல்லே என்பதால் சொற்பிழை திருத்தியும் அதனைப் பிடிக்காது. முகவரிப் பட்டியலில் இப்படி ஓர் ஊர் மாறிப்போனால் கண்டறிவது கடினம்.

மாற்று வழிகள்

நீண்ட தரவை உரலியில் இணைக்காமல் வேண்டுகோளின் உடற்பகுதியில் அனுப்பலாம். ஒரே கணினியிலுள்ள நிரல்களுக்கிடையே தரவைக் கோப்பில் எழுதி அதன் பெயரை மட்டும் அளவுருவாகத் தரலாம். அல்லது குழாய் வழியாகச் செலுத்தலாம். குழாயில் மொத்த நீளத்திற்கு எல்லையில்லை. பெறும் நிரல் படிக்கப் படிக்க மீதி வந்துகொண்டிருக்கும்.