வாடகை வீட்டில் வளர்ந்த பல்கலைக்கழகம்

பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் உருவான முதல் பல்கலைக்கழகங்களுக்குச் சொந்தக் கட்டடம் என்று எதுவும் இருக்கவில்லை. ஆசிரியர்கள் தாம் குடியிருந்த வாடகை வீட்டிலோ வாடகைக்கு எடுத்த கூடத்திலோ பாடம் சொன்னார்கள்; பெரிய கூட்டங்கள் தேவாலயங்களில் நடந்தன; தொலைவூர்களிலிருந்து கல்வி தேடி வந்த மாணவர்கள், அவர்களில் பலர் பதினைந்து வயதுச் சிறுவர்கள், நகரத்தாரின் வீடுகளில் குடிக்கூலி கொடுத்துத் தங்கினார்கள். எனவே அக்காலத்தில் பல்கலைக்கழகம் என்றால் ஆசிரியரும் மாணவரும் கூடி அமைத்த ஒரு சங்கமே தவிர வளாகமன்று. அச்சங்கம் ஒரு நகரத்தில் நிலைப்பதும் அதைவிட்டு நீங்குவதும் பல வேளைகளில் வாடகையைப் பொறுத்தே அமைந்தன. இறையியல், மெய்யியல் விவாதங்களையே முதன்மையாகக் கொண்டு எழுதப்படும் பல்கலைக்கழக வரலாறுகளில் இச்செய்தி ஓரத்தில் ஒதுங்கிவிடுகிறது. ஆனால் அந்நிறுவனங்கள் போராடிப் பெற்ற மிகப் பழைய உரிமைகளுள் ஒன்று, தம் உறுப்பினர் குடியிருக்கும் வீட்டின் வாடகையை வீட்டுக்காரர் மட்டும் தன்விருப்பப்படி நிர்ணயிக்கக் கூடாது என்பதாகும்.

இத்தாலியின் பொலோனா நகரத்தில் சட்டம் பயின்ற மாணவர்கள் பெரும்பாலும் வெளியூரினர். நகரக் குடிமக்களுக்குரிய பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது. வீடுகள் குறைவாகவும் மாணவர் மிகுதியாகவும் இருந்த அந்நகரத்தில், ஒருவர் குடியிருக்கும் வீட்டுக்கு இன்னொருவர் கூடுதல் தொகை தருவதாக வீட்டுக்காரரிடம் சொல்லி முன்னவரை வெளியேற்றும் வழக்கம் பரவியது. 1189-இல் போப்பாண்டவர் மூன்றாம் கிளமெண்ட் இதற்குத் தடைவிதித்தார். அத்தடை கட்டுப்படுத்தியது வீட்டுக்காரரை அன்று, ஆசிரியரையும் மாணவரையுமே. வாடகை ஏற்றத்துக்கு வீட்டுக்காரரின் பேராசையைப் போலவே குடியிருப்போரிடையே நிலவும் போட்டியும் காரணம் என்பதை அந்த ஆணை தெளிவாக உணர்ந்திருந்தது. பின்னர் நகரத்தின் சார்பிலும் மாணவர் சங்கத்தின் சார்பிலும் மதிப்பீட்டாளர்கள் அமர்த்தப்பட்டார்கள்; அவர்கள் குறித்த வாடகையை ஏற்காத வீட்டில் எந்த மாணவரும் குடியேறக் கூடாது என்று சங்கம் விலக்கு விதித்தது.

இவ்விலக்குக்கு வலு தந்தது ஊரையே விட்டுப் போய்விடும் ஆற்றலாகும். 1222-இல் பொலோனாவிலிருந்து பிரிந்து சென்றவர்களால் பாதுவா பல்கலைக்கழகம் தோன்றியது. அந்தப் பாதுவாவிலும் மனம் நிறையாத ஒரு பகுதியினர் 1228-இல் வெர்செல்லி என்னும் நகரத்தோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். தங்கள் ஊரிலுள்ள மிகச் சிறந்த வீடுகளில் 500-ஐ மாணவர்க்கு ஒதுக்குவதாகவும், வாடகைக்கு உச்சவரம்பு விதிப்பதாகவும், ஆசிரியர்களுக்கு ஊதியம் தருவதாகவும் அந்நகரத்தார் அதில் ஒப்புக்கொண்டார்கள். மாணவர் வருகையால் வணிகம் பெருகும் என்று நம்பிய ஒரு நகராட்சி, முதல் நிபந்தனைகளுள் ஒன்றாக வீட்டு வாடகையைப் பேசியது என்பது, மாணவரின் கவலை எதைச் சுற்றிச் சுழன்றது என்பதற்கு ஐயமற்ற சான்று.

பாரிசிலும் நிலைமை பெரிதும் வேறுபடவில்லை. 1215-இல் போப்பாண்டவரின் தூதர் இராபர்ட் கூர்சோன் வகுத்த விதிகள், விடுதி வாடகையை வரையறுப்பது குறித்துத் தமக்குள் கட்டுப்பாடுகள் ஏற்படுத்திக்கொள்ள ஆசிரியருக்கும் மாணவருக்கும் இசைவளித்தன. 1229-இல் மதுக்கடையொன்றில் மூண்ட பூசல் மாணவர் சிலரின் உயிரைக் கொண்டுபோனபின் பல்கலைக்கழகம் பாடங்களை நிறுத்திக் கலைந்து சென்றது; ஈராண்டு கழித்து, 1231-இல், போப்பாண்டவர் ஒன்பதாம் கிரகோரி வெளியிட்ட ஆணையே அதைத் திரும்பக் கூட்டியது. வாடகையை மதிப்பிடும் உரிமை பறிக்கப்பட்டால் பாடங்களை நிறுத்திவைக்கலாம் என்று அந்த ஆணை வெளிப்படையாகவே சொல்லிற்று. கொலைக்கும் கொடுங்காயத்துக்கும் நீதி கிடைக்காதபோது கையாள வேண்டிய அதே ஆயுதம் வாடகைக்கும் வழங்கப்பட்டது.

இவ்வரலாற்றின் மிகக் கொடிய பகுதி இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் நிகழ்ந்தது. 1209-இல் அந்நகரத்தில் ஒரு மாணவரால் ஒரு பெண் உயிரிழந்தார். அது தற்செயலாக நேர்ந்தது என்று வெண்டோவர் ரோஜர் என்னும் காலவரிசை நூலாசிரியர் எழுதியிருக்கிறார். மாணவர் தப்பியோடிவிட்டார். அவரைத் தேடி வந்த நகரத்தார், அவரோடு பங்கு போட்டு அதே வீட்டை வாடகைக்கு எடுத்திருந்த தோழர்களைப் பிடித்துச் சிறையிட்டு, மன்னர் ஜானின் இசைவோடு தூக்கிலிட்டார்கள். அவர்கள் மீது சுமத்தக் கிடைத்த குற்றம், ஒரே கூரையின் கீழ் குடியிருந்தது மட்டுமே. அப்போது மன்னருக்கும் போப்பாண்டவருக்கும் கடும்பகை நிலவியது. சமயக் கல்வியாளராகிய மாணவரைக் காக்கும் கடமை தமக்கு இருப்பதாக மன்னர் கருதவில்லை. ஆசிரியரும் மாணவரும் ஆக்ஸ்ஃபோர்டைவிட்டுக் கலைந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் குடியேறிய இடந்தான் கேம்பிரிட்ஜ்.

1213-இல் மன்னர் போப்பாண்டவருக்குப் பணிந்ததும் நகரத்தாருக்கு ஆதரவு போயிற்று. மாணவர் இல்லாத ஊரில் வீடுகள் காலியாகக் கிடந்தன. 1214-இல் போப்பாண்டவரின் தூதர் நிக்கோலசு அறிவித்த தீர்ப்பு, தூக்கிலிடப்பட்டவர்களின் கல்லறைக்கு நகரத்தார் வெறுங்காலோடு செல்ல வேண்டும் என்றது. ஆண்டுதோறும் ஏழை மாணவருக்காக 52 ஷில்லிங் செலுத்தவும், புனித நிக்கோலசு திருநாளில் 100 ஏழை மாணவருக்கு உணவளிக்கவும் கட்டளையிட்டது. ஆயினும் தீர்ப்பின் முன்வரிசையில் நின்றது வாடகையே. மாணவர் வெளியேறுவதற்கு முன்பு இருதரப்பும் ஒப்புக்கொண்டிருந்த வாடகையில் பாதி பத்தாண்டுகளுக்குத் தள்ளுபடி செய்யப்பட்டது. அதற்குப் பிந்திய பத்தாண்டுகளில் பழைய முழு வாடகைக்கு மேல் ஒரு காசும் கேட்கக் கூடாது. புதிதாகக் கட்டப்பட்ட வீடுகளுக்கும் முன்பு மதிப்பிடப்படாத வீடுகளுக்கும் ஆசிரியர் நால்வரும் நகரத்தார் நால்வரும் சேர்ந்து வாடகை குறிக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் வேந்தர் என்ற பதவியைக் குறிப்பிடும் முதல் ஆவணங்களுள் ஒன்றும் இதுவே. நிர்வாகத் தலைமையும் வாடகை நெறியும் ஒரே தாளில் எழுத்துருப் பெற்றன.

கேம்பிரிட்ஜுக்கும் அச்சிக்கல் உடனே தொற்றிக்கொண்டது. 1231-இல் மன்னர் மூன்றாம் ஹென்றி அந்நகரத் தலைவருக்கு அனுப்பிய கட்டளையில், மாணவரிடம் மிகை வாடகை கேட்டால் அவர்கள் ஊரைவிட்டே போய்விடுவார்கள் என்று எச்சரித்து, ஆசிரியர் இருவரும் நகரத்தின் நன்மக்கள் இருவரும் வாடகையை மதிப்பிடுமாறு பணித்தார். இவ்வாறு மதிப்பிடும் அலுவலர் டாக்ஸர் எனப்பட்டார்.

கேம்பிரிட்ஜில் வீடு பிடிக்கும் முறையை விளக்கும் பழைய விதி ஒன்று எஞ்சியுள்ளது. மாணவர் விடுதி நடத்த விரும்பும் ஒருவர், ஜூன் 11-இல் வரும் புனித பர்னபாசு திருநாளுக்கும் செப்டம்பர் 8-இல் வரும் மாதா பிறப்புத் திருநாளுக்கும் இடைப்பட்ட காலத்தில் வீட்டுக்காரரை அணுகி, தக்க சாட்சிகள் முன்னிலையில் வாடகைக்குப் பிணை தர வேண்டும். ஆள் பிணையாகவோ நூல் போன்ற பொருளை அடகாக வைப்பதாகவோ அது அமையலாம். வீட்டுக்காரர் அதை ஏற்றால் வீடு கேட்டவருக்கு. மறுத்தால், அதே பிணையோடு பல்கலைக்கழக வேந்தரிடம் செல்ல வேண்டும். வேந்தர் பிணையைப் பெற்றுக்கொண்டு, உரிமையாளர் விரும்பாவிட்டாலும் பிணை தந்தவரை அவ்வீட்டின் விடுதித் தலைவராக அமர்த்திவிடுவார். முன்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக அலைந்து, மறுப்புக்குக் காரணமும் அறியாமல் திரும்பும் மாணவரை நினைத்துப் பார்த்தால், மேல்முறையீட்டுக்கு இடமளித்த அந்த ஏற்பாட்டின் அருமை விளங்கும். ஆக்ஸ்ஃபோர்டில் இன்னொரு வலிய நெறியும் வேரூன்றியிருந்தது: ஒருமுறை மாணவர்க்கு விடப்பட்ட வீட்டை, வாடகை ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்வரை, உரிமையாளர் தாமே குடியேறுதல் போன்ற தக்க காரணமின்றி வேறு பயனுக்குத் திருப்ப இயலாது.

இவ்வாறு பெற்ற வீடுகள் ஆக்ஸ்ஃபோர்டில் ஹால் என்றும் கேம்பிரிட்ஜில் ஹாஸ்டல் என்றும் வழங்கின. தலைவர் முழு வீட்டையும் ஓராண்டுக்கு எடுத்து, வாடகையை உறுப்பினரிடையே பங்கிட்டு வாங்கினார். உணவுச் செலவை வாரக் கணக்கில் பொதுவாகப் பகிர்ந்துகொண்டார்கள். சந்தையில் பொருள் வாங்க ஓர் ஆள் இருந்தார். ஓர் அறையில் பலர் உறங்கினார்கள். வெளிச்சம் வரும் சன்னலோரங்களே படிக்கும் இடங்களாயின. கண்ணாடிச் சன்னலும் புகைபோக்கியும் அரிய வசதிகளாக இருந்த காலமாதலால், சில வீடுகள் அவற்றின் பெயராலேயே கண்ணாடி ஹால், புகைபோக்கி ஹால் என்று அழைக்கப்பட்டன. ஆக்ஸ்ஃபோர்டின் பெருந்தெருவில் டாக்லீஸ் இன் என்னும் கட்டடம் இன்றும் நிற்கிறது. தெருவை ஒட்டிக் கடைகளும் அவற்றின் பின்னே மாணவர் கூடமுமாக அது கட்டப்பட்டிருந்தது.

நகரத்தாரின் தரப்பிலும் நியாயம் இருந்தது என்பதை மறைத்தல் தகாது. தம் சொந்த வீட்டின் வாடகையை உயர்த்தவோ வீட்டை வேறொருவருக்கு விடவோ முடியாத சிறு உரிமையாளர் பலர் இருந்தார்கள். அதே தெருக்களில் குடியிருந்த நெசவாளருக்கும் கூலியாளருக்கும் இத்தகைய பாதுகாப்பு எதுவும் கிடையாது. உரிமை சங்கத்துக்கே உரியதாக இருந்தது, ஏழ்மைக்கு உரியதாக அன்று. நாளடைவில் சிறு உரிமையாளர்களின் வீடுகள் ஓசினி மடம் போன்ற சமய நிறுவனங்களின் கைக்குச் சென்றன. பழைய மனக்கசப்பு ஆக்ஸ்ஃபோர்டில் 1355-இல், புனித ஸ்கொலாஸ்டிகா நாளில், மதுக்கடைச் சண்டையாகத் தொடங்கிப் பெருங்கலவரமாக வெடித்தது. 63 மாணவரும் நகரத்தார் ஏறத்தாழ 30 பேரும் இறந்ததாக மரபுவழிக் கணக்கு கூறுகிறது.

வாடகை விடுதிகளின் வீழ்ச்சிக்கு வீட்டுக்காரர்கள் காரணமல்லர். 1348-49-இல் வந்த பெருங்கொள்ளைநோய் நகரத்தைப் பாதி காலியாக்க, மலிந்த மனைகளைக் கல்லூரிகள் வாங்கிக்கொண்டன. ஆக்ஸ்ஃபோர்டில் மெர்ட்டன் 1264-இலும் கேம்பிரிட்ஜில் பீட்டர்ஹவுஸ் 1284-இலும் தோன்றியிருந்தாலும், தொடக்கக் கல்லூரிகள் அறக்கொடையில் வாழ்ந்த சிலருக்கே இடமளித்தன. பெரும்பாலோர் வாடகை வீடுகளில்தான் படித்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் 1379-இல் நிறுவப்பட்ட நியூ காலேஜ் இளநிலை மாணவரையும் தன் மதிலுக்குள் ஏற்று ஒரு முன்மாதிரியை வகுத்தது. 1420-இல் மன்னர் ஐந்தாம் ஹென்றியின் ஆணை, நகரத்தார் வீட்டில் தனியறை எடுத்துத் தங்குவோர் ஒழுக்கமற்றவர் எனப் பழித்து, எல்லா மாணவரும் ஒரு தலைவரின் கண்காணிப்பில் வசிக்க வேண்டும் என்றது. பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் ஆக்ஸ்ஃபோர்டில் ஏறத்தாழ 70 ஹால்கள் இருந்தன. அடுத்த நூற்றாண்டின் நடுவில் எட்டுக்கு மேல் எஞ்சவில்லை.

மாணவருக்கு இதனால் ஆதாயமும் இழப்பும் சேர்ந்தே வந்தன. உறுதியான கூரை, நூலகம், கொடைநிதி ஆகியவை கிடைத்தன. ஆனால் வீடற்ற சங்கமாக இருந்தவரை ஊரையே மிரட்டிப் பேரம் பேசிய பல்கலைக்கழகம், தானே கட்டடங்களுக்கு உடைமையாளராகிவிட்டபின் ஊரைவிட்டுப் போகும் ஆற்றலை இழந்தது. மாணவருக்காக வீட்டுக்காரரிடம் பேச வேண்டிய தேவையும் அதற்கு இல்லாமற்போயிற்று. கேம்பிரிட்ஜின் டாக்ஸர்கள் பெயரளவில் நீடித்து, நகரச் சந்தையின் எடை, அளவுகளைச் சரிபார்க்கும் அலுவலர்களாயினர்; அப்பதவியும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒழிந்தது. கல்லூரியில் சேராமல் நகரில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கலாம் என்று ஆக்ஸ்ஃபோர்டு 1868-இல் மீண்டும் இசைந்தபோது, கல்லூரிச் செலவைத் தாங்க இயலாத குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. எனினும் ஆசிரியர் நால்வரும் நகரத்தார் நால்வரும் எதிரெதிரே அமர்ந்து வாடகை குறித்த அவை திரும்பவில்லை. பழைய ஹால்களுள் கடைசிவரை ஹாலாகவே நிலைத்திருந்த செயின்ட் எட்மண்ட் ஹால், 1957-இல் கல்லூரித் தகுதி பெற்றது.